ஈன்றணிமையும் எடை இயந்திரமும்

பிள்ளை பெற்ற பெண்ணிடம் நம் வீடுகள் இரண்டு கட்டளைகளை இடுகின்றன. முதல் மாதத்தில் ‘நன்றாகச் சாப்பிடு, அப்போதுதான் பால் ஊறும்’ என்கின்றன. மூன்றாம் மாதத்தில் அதே வாய்கள் ‘இப்படியே விட்டால் உடம்பு ஊதிப்போய்விடும், சீக்கிரம் இளைக்கப் பார்’ என்கின்றன. ஒன்றையொன்று மறுக்கும் இந்த இரண்டையும் ஒட்டவைக்க மூன்றாவதாக ஒரு வாக்கியம் புழக்கத்தில் இருக்கிறது: ‘பால் கொடுத்தால் தானாக இளைத்துவிடும்.’ பாட்டி சொல்கிறாள், செவிலியர் சொல்கிறார், ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒட்டப்படும் தாய்ப்பால் வாரச் சுவரொட்டிகளும் சொல்கின்றன. அந்த வாரத்தில் நம் கல்லூரிகளில் நடக்கும் பேச்சுப் போட்டியில் பதினெட்டு வயது மாணவி மேடையேறித் தாய்ப்பாலின் பெருமைகளை அடுக்குவாள். குழந்தைக்கான நன்மைகள் தீர்ந்ததும் ‘தாயின் அழகும் கெடாது, பழைய உடல்வாகு திரும்பிவிடும்’ என்று முடிப்பாள். அரங்கம் கைதட்டும். அந்தக் கைதட்டலை மறுத்துத்தான் நாம் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வாக்கியம் முழுப்பொய் அன்று. முழுப்பொய்யாக இருந்திருந்தால் இத்தனை காலம் நிலைத்திருக்காது. பேற்றின்போதே குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் என ஏறத்தாழ ஐந்து கிலோ குறைகிறது. அடுத்த வாரங்களில் உடலில் தேங்கியிருந்த நீரும் வடிகிறது. குழந்தை சப்பிக் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவுக்குச் சுரக்கும் பாலுக்கு ஆற்றலும் செலவாகிறது. உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட அறிக்கை இச்செலவைக் கணக்கிட்டிருக்கிறது. முதல் ஆறு மாதங்களில் பாலூட்டலுக்கு நாளொன்றுக்கு 675 கிலோ கலோரி ஆகிறது. நல்ல ஊட்டமுள்ள தாயின் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு அதில் 170ஐத் தரக்கூடும். அதாவது மாதத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். எஞ்சிய 505ஐ அவள் சோற்றிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஊட்டம் போதாத தாய்க்கோ அந்த 170ஐயும் கழிக்கக் கூடாது, முழு 675ஐயும் உணவாகவே தர வேண்டும் என்பது அவ்வறிக்கையின் கணக்கு.

பொய் ‘தானாக’ என்னும் சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. பால் சுரக்கும் உடலுக்குப் பசி கூடுகிறது. இரவில் மூன்று முறை எழுபவளுக்கு உறக்கம் போகிறது. உறக்கம் போனால் பசி மேலும் கூடுகிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாளில் பல மணிநேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டியிருப்பதால் நடமாட்டமும் குறைகிறது. எனவே சிலர் இளைக்கிறார்கள், சிலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் கூடவும் செய்கிறார்கள். 2016இல் லான்செட் இதழ் வெளியிட்ட தாய்ப்பால் ஆய்வுத்தொகுதி, தாய்க்கு மார்பகப் புற்றிலிருந்து காப்பும் அடுத்த பேற்றுக்கு இடைவெளியும் கிடைக்கின்றன என்றது. சூலகப் புற்றிலிருந்தும் நீரிழிவிலிருந்தும் காப்பு இருக்கலாம் என்றது. எடைக் குறைப்பை அந்தப் பட்டியலில் அது சேர்க்கவில்லை. உலகின் பெரிய ஆய்வாளர்கள் உறுதிசொல்லத் தயங்கும் ஒன்றைத்தான் நம் சுவரொட்டி கூசாமல் உறுதிசொல்கிறது.

சொன்னபடி உடல் இளைக்காதபோது சுவரொட்டியை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவளைத்தான் கேட்கிறார்கள். ‘சரியாகப் பால் கொடுக்கிறாயா?’ ‘நொறுக்குத் தீனி தின்கிறாயோ?’ தாய்ப்பாலுக்கு ஆள்சேர்க்க எடையைத் தூண்டிலில் மாட்டியதன் விளைவு இது. இளைப்பதற்காகப் பால் கொடுக்கத் தொடங்கியவள், இளைக்கவில்லை என்றானபின் எதற்காகத் தொடர வேண்டும்? குழந்தையின் உரிமையாகவும் தாயின் விருப்பமாகவும் இருக்க வேண்டிய ஒன்றை அழகுசாதனப் பொருளாக்கிவிட்டவர்கள் இக்கேள்விக்குக் கடமைப்பட்டவர்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நாம் தமிழ் படித்தவர்கள் என்பதால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. ‘புனிறு’ என்றொரு சொல் நம் மொழியில் இருந்தது. தொல்காப்பிய உரியியல் அதற்கு ‘ஈன்றணிமை’ என்று பொருள் தருகிறது. ஈன்று சின்னாளே ஆன நிலை. அண்மையில் கன்று ஈன்ற பசு புனிற்றா. மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவாக, அந்தச் சில காலத்தைத் தனியே பெயரிட்டுக் காத்த மொழி இது. பெயர் இருந்தால் அந்நிலைக்குரிய சலுகையும் இருக்கும். இன்று அச்சொல் அகராதியில் இருக்கிறது. அந்த நிலை ‘டெலிவரிக்கு அப்புறம் போட்ட வெயிட்’ ஆகிவிட்டது.

ஈன்ற உயிரின் பசியை நம் பழம்புலவர்கள் நன்கறிந்திருந்தார்கள். குட்டி ஈன்ற பெண்புலி பசித்திருக்க, அதற்காக ஆண்புலி வேட்டைக்குப் புறப்படும் காட்சி அகப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. அகநானூற்று 147ஆம் பாடலில் ஔவையாரும் அதைக் காட்டுகிறார். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாணனின் வறுமையைச் சொல்ல எடுத்துக்கொண்டது, பசியால் பால் வற்றி, குட்டிகள் முலை பற்றுவதைப் பொறுக்கமாட்டாமல் குரைக்கும் ஈன்ற நாயை. புறநானூற்று 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் சொல்லும் துயரமும் பாலற்ற முலையைச் சுவைத்து அழும் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் மனைவியைப் பற்றியதே. பாலின் பின்னால் சோறு இருக்கிறது என்பதும், அந்தச் சோற்றை வேறொருவர் தேடித்தர வேண்டும் என்பதும் இவர்களுக்கு ஐயமறத் தெரிந்திருந்தது.

அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நற்றிணை 380ஆம் பாடலில், தாளிப்புப் புகையும் அழுக்கும் படிந்த உடையும் பால்மணக்கும் தோளுமாக இருக்கிறாள் தலைவி. பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்குத் தூதாக வந்த பாணனிடம் தோழி அதைச் சொல்லி வாயில் மறுக்கிறாள். ஆண் அன்றும் ஈன்ற உடலைவிட்டு விலகிப் போனவன்தான். ஆயினும் அப்பாடலில் அந்த உடலுக்காக யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதைச் சரிசெய்துகொண்டு வருகிறோம் என்று அவகாசம் கேட்கவும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிக் கதவடைக்கிறாள் தோழி. கூடலூர்ப் பல்கண்ணனாருக்கு இருந்த இந்தத் தெளிவு நம் காலத்து விளம்பர வாசகம் எழுதுபவனுக்கு இல்லை.

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியின் பெட்டிச் சுவர்களைப் பாருங்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் வழியே போகும் சாலையின் மின்கம்பங்களைப் பாருங்கள். ‘எடை குறைக்க வேண்டுமா?’ என்ற கேள்வியும் ஒரு கைப்பேசி எண்ணும் ஒட்டப்பட்டிருக்கும். காலை வேளையில் ஏதோ ஒரு மாவைக் கரைத்துக் கொடுக்கும் கடைகள் தெருவுக்கொன்றாக முளைத்திருக்கின்றன. இவர்களுக்குப் பேறு முடிந்த பெண்ணைப்போல் எளிதான வாடிக்கையாளர் வேறு கிடையாது; உறக்கமின்றி, பழைய ரவிக்கை சேராமல், ஊரார் சொல் கேட்டு நொந்திருப்பவள் அவள். அதே தெருவின் அங்கன்வாடியில் அரசு, பாலூட்டும் தாய் என்று பதிந்து அவளுக்குச் சத்துமாவு கொடுத்தனுப்புகிறது. உண்டு தேறு என்று ஒரு மாவு, உண்ணாமல் இளை என்று இன்னொரு மாவு. முதலாவது இலவசம், இரண்டாவதற்கு மாதத்தவணை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, உடலுழைப்புக் குறைந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கிலோ கலோரி தேவை. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் அதன்மேல் 600 கூட வேண்டும். அடுத்த ஆறு மாதங்களில் 520. ஆக முதல் அரையாண்டில் 2260. இளைப்புக் கடைக்காரர் கையில் திணிக்கும் உணவுப் பட்டியல்கள் பலவும் 1200ஐச் சுற்றி நிற்பவை. அந்த 1200இல் ஏறத்தாழ 500 பாலாகவே வெளியேறிவிடும். மீதமிருக்கும் 700இல் ஒருத்தி சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், இரவில் விழித்திருக்க வேண்டும்.

இதில் வஞ்சகமான ஒன்று உண்டு. தாய் சற்றுக் குறைவாக உண்டதும் பால் உடனே வற்றிவிடுவதில்லை. உடல் தன்னிடம் உள்ளதை எடுத்துக் கொடுக்கிறது. குழந்தை கொழுகொழுவென்றிருப்பதைக் காட்டி, பார், ஒன்றும் ஆகவில்லை என்று மாவு விற்பவர் சொல்லிவிடலாம். எந்தப் பட்டினியும் இல்லாமலேயே பாலூட்டும் காலத்தில் எலும்பின் திண்மம் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை குறைகிறது. பால் மறக்கச் செய்தபின் திரும்பக் கூடுகிறது. அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருப்பவளிடம் உணவையும் பிடுங்குவது என்ன நியாயம்? 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழகத்துப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. பருத்த உடலில் சோகை இருக்காது என்று எண்ணுபவர்கள் எடை இயந்திரத்தை மட்டுமே மருத்துவராகக் கொண்டவர்கள்.

சட்டம் என்ன செய்கிறது? குழந்தைக்கான பால்மாவையும் புட்டியையும் விளம்பரப்படுத்த 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதித்தது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. நல்லது. தாயின் பக்கமும் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. மருந்துகள், மாய மருத்துவம் பற்றிய ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் ஒன்று. பருமனைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம். ஆனால் அச்சட்டம் மருந்தை வரையறுக்கும்போது, உடலின் அமைப்பையோ இயக்கத்தையோ மாற்றும் பொருள்களில் ‘உணவு அல்லாதவை’ என்றொரு வரம்பு வைத்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் மாவு நுழைகிறது. டப்பாவில் உணவு, பேச்சில் மருந்து. பால்மாவு விளம்பரத்திலிருந்து குழந்தையைக் காத்த நாடு, இளைப்பு மாவிலிருந்து அதன் தாயைக் காக்க வேண்டாமா?

இங்கே நம்மைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் இருக்கலாம். பருமன் ஒரு பொருட்டே அல்ல என்பது நம் வாதம் அன்று. மேற்சொன்ன ஆய்விலேயே தமிழகத்துப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுமிஞ்சிய எடையுள்ளவர்கள். மருத்துவர் வி. சேஷையா குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, கருக்கால நீரிழிவு சென்னை நகரில் 17.8 விழுக்காடு, சைதாப்பேட்டையில் 13.8, திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில் 9.9 என்று கண்டது. கருக்கால நீரிழிவு வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு நிலைத்துவிடும் வாய்ப்பு மிகுதி. அவர்கள் எடையைப் பேணத்தான் வேண்டும், சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குப் பாலை நிறுத்தத் தேவையும் இல்லை. 2000இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, எடை மிகுந்த 40 பாலூட்டும் தாய்மாரைக் கொண்டு நடந்தது. ஒரு பகுதியினர் நான்காம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை உணவை அளவோடு குறைத்தும் உடற்பயிற்சி செய்தும் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் இளைத்தார்கள். குழந்தைகளின் வளர்ச்சி குன்றவில்லை.

ஆக, மெல்ல இளைப்பது இயலக்கூடியதே. ஆனால் அந்த ஆய்வில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 45 நிமிடம் உடற்பயிற்சி. நம் வாதம் முழுவதும் இந்த 45 நிமிடத்தில்தான் அடங்கியிருக்கிறது. பெருங்களத்தூரிலோ பம்மலிலோ கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த 45 நிமிடத்தை யார் தருவது? அந்நேரம் குழந்தையை ஏந்தியிருப்பது யார்? அவள் நடப்பது எங்கே? சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்க வழியிருக்கிறது. அதற்கு அருகில் குடியிருக்கும் பேறு எத்தனை பேருக்கு? ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி 2021இல் உருவானது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் அரைமணி நேரம் தடையின்றி நடக்கக்கூடிய நடைபாதை அதன் தெருக்களில் எவ்வளவு இருக்கிறது என்று வாசகர்கள் தத்தம் வட்டத்தில் எண்ணிப் பார்க்கட்டும். இளைப்பதற்கு வேண்டியவை நேரமும் உறக்கமும் நல்ல உணவும் இன்னொரு கையும். இவற்றைத் தர மறுக்கும் நாம்தான் ‘தானாக இளைக்கும்’ என்று ஆறுதல் சொல்கிறோம். ‘தானாக’ என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

பாட்டி வைத்தியமே போதும் என்பவர்களுக்கும் ஒரு சொல். பூண்டும் பால்சுறாப் புட்டும் கருவாட்டுக் குழம்பும் நல்ல உணவுகள். அவற்றை வைத்த பாட்டிமாருக்கு வணக்கம். பேறுகாலத் தாய்க்காகத் தமிழக அரசு 2015இல் தொடங்கிய பெட்டகத்தில் சௌபாக்கிய சுண்டி லேகியத்தை வைத்ததும் அந்த மரபுக்குச் செய்த மரியாதைதான். ஆனால் அதே பத்தியம்தான் தாகமெடுத்தவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறது. நெய்யை ஊற்றிவிட்டு நடக்காதே என்கிறது. வயிற்றைச் சேலையால் இறுகக் கட்டினால் பழையபடி ஒட்டிவிடும் என்கிறது. சேலை முதுகுக்குத் தாங்கலாக இருக்கலாம், கொழுப்பைக் கரைக்காது. கருவால் விலகிய வயிற்றுத் தசைகள் கூடிவரப் பல மாதம் ஆகும். தமிழகத்தில் 44.9 விழுக்காடு பேறுகள் அறுவையால் நிகழ்வதாக அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. வயிறு அறுபட்டவளிடம் மூன்றாம் மாதத்தில் தட்டையான வயிற்றை எதிர்பார்ப்பது மரபும் அன்று, மருத்துவமும் அன்று, கொடுமை.

வேலைக்குப் போகும் பெண்ணின் நிலைக்கு வருவோம். தமிழக அரசுப் பணியாளருக்கான பேறுகால விடுப்பு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021இல் பன்னிரண்டு மாதம் என்று உயர்ந்தது. மற்றவர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை 2017இல் திருத்தி 26 வாரம் ஆக்கினார்கள். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை, ஐம்பது பேர் வேலைசெய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் ஆகியவையும் உண்டு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இவற்றை ஏற்றுக்கொண்டது. ஏட்டில் குறையில்லை. ஆனால் 1984இல் தாம்பரத்தில் நிறுவப்பட்ட ஏற்றுமதி மண்டலத்துக்குக் காலையில் பேருந்திலிருந்து இறங்கி விரையும் பெண்களில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவர் அந்த இடைவேளையைக் கேட்கத் துணிவாரா? அடுக்ககங்களில் நான்கு வீடு பாத்திரம் தேய்ப்பவருக்கு எந்தக் காப்பகம்? நம் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் அறைகளில் நாம் கண்டதும் இதுவே. விடுப்பு முடிந்து திரும்பியவர் மதிய வேளையில் கதவில்லாத ஓர் அறை மூலையில், புடைவைத் தலைப்பை மறைப்பாக்கிப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவார். வந்து அமர்ந்ததும் சக ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி: ‘என்ன மேடம், இன்னும் இளைக்கவே இல்லையே?’

அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். அதே அக்கறையைத் திசைமாற்றிக் கேளுங்கள் என்பதுதான் நம் வேண்டுகோள். சாப்பிட்டாயா, இரவில் எவ்வளவு நேரம் தூங்கினாய், உன் அடுத்த வகுப்பை நான் எடுக்கட்டுமா என்று கேட்கலாம். முன்னிரவில் ஒருமுறை பால் கொடுத்தபின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்ட ஆண்களால் முடியும். அதற்குச் சுரப்பிகள் தேவையில்லை. தாய்ப்பால் வாரம் கொண்டாடும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் சுவரொட்டியிலிருந்து அந்த ஒரு வரியை நீக்கட்டும். எடை பற்றி அறிவுரை வேண்டுமென்றால், உணவையும் இரத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, அவளைத் தனியே அழைத்து மருத்துவர் சொல்லட்டும். மாவு விற்பவர்கள் பாலூட்டும் தாயைக் குறிவைப்பதைத் தடுக்க 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓட்டையை அரசு அடைக்கட்டும். மாநகராட்சி நடைபாதை போடட்டும். முதலாளிகள் காப்பகத்தைத் திறக்கட்டும். அடுத்த ஆகஸ்டில் நம் மாணவியர் மேடையேறும் முன் அவர்களுடைய உரையைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. ‘அழகு கெடாது’ என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ‘பால் கொடுப்பவளுக்குப் பசிக்கும், முதலில் அவளுக்குச் சோறு போடுங்கள்’ என்று எழுதிக் கொடுப்போம்.